விருப்பம் நம்முடையது, பில் யாருடையது? மருத்துவக் காப்பீட்டில் ஐந்து வழிகள்

"என் உடம்பு, என் பணம். காப்பீடு எடு என்று சொல்ல அரசாங்கம் யார்?" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அதே வாரம் இன்னொருவர்: "எல்லாருக்கும் ஒரே அரசுக் காப்பீடு என்று வந்தால் வரிசையிலேயே ஆயுள் போய்விடாதா? எதை ஆதரிப்பது என்றே தெரியவில்லை." இதைப் படிக்கிறவர்களில் சிலர் சுவிட்சர்லாந்து, கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று பல நாடுகளில் வாக்குரிமை உள்ளவர்கள். உங்களுக்கு இது திண்ணைப் பேச்சு இல்லை. வாக்குச் சீட்டிலேயே வரக்கூடிய விஷயம். சுவிஸ்காரர்களுக்குப் பலமுறை வந்தும் விட்டது.

நான் பார்த்தவரை இந்த விவாதம் முட்டிக்கொண்டு நிற்பதற்குக் காரணம், தேர்வுரிமை என்று ஆளுக்கொன்றைச் சொல்வதுதான். அதில் மூன்று உண்டு. காப்பீடு எடுப்பதா வேண்டாமா என்பது ஒன்று. எந்த நிறுவனம், எந்தத் திட்டம் என்பது இன்னொன்று. எந்த டாக்டர், எந்த மருத்துவமனை என்பது மூன்றாவது. மூன்றையும் காப்பாற்றப் பொதுப்பணம் செலவாகிறது. ஆனால் மூன்றுக்கும் ஒரே விலை இல்லை.

## எதை வைத்து எடை போடுவது?

வெளியே நிற்பவருக்கு நோய் வந்தால் பணம் கட்டுவது யார்? ஏற்கெனவே நோயுள்ளவர் தாங்கக்கூடிய விலையில் உள்ளே வர முடியுமா? கட்டுகிற பிரீமியத்தில் சிகிச்சைக்குப் போவது எவ்வளவு, காகிதத்துக்கும் விளம்பரத்துக்கும் போவது எவ்வளவு? கொடுத்த தேர்வை மக்கள் உண்மையிலேயே பயன்படுத்துகிறார்களா? கடைசியாக, காத்திருக்கும் நேரம். பணமாகத் தெரியாவிட்டாலும் அதுவும் விலைதான்.

இதில் முதல் கேள்விதான் மற்றதையெல்லாம் இழுத்துக்கொண்டு போகிறது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். நாணயத்தின் பெயர் எதுவாகவும் இருக்கட்டும்.

நூறு பேர். தொண்ணூறு பேர் ஆரோக்கியமானவர்கள். ஆளுக்கு ஆண்டு மருத்துவச் செலவு 1,000. பத்துப் பேர் நோயாளிகள், ஆளுக்கு 41,000. மொத்தம் 5 லட்சம். எல்லாரும் பகிர்ந்தால் தலைக்கு 5,000. "எனக்கு ஆயிரம்தானே ஆகிறது, நான் ஏன் ஐயாயிரம் கட்ட வேண்டும்?" என்று முப்பது ஆரோக்கியர்கள் விலகுகிறார்கள். மிச்சமுள்ள 70 பேருக்கு 4,70,000, தலைக்கு 6,714. அதைப் பார்த்து இன்னும் முப்பது பேர் கிளம்புகிறார்கள். 40 பேர், 4,40,000, தலைக்கு 11,000. கடைசி முப்பதும் போனபின் பத்து நோயாளிகள் தலைக்கு 41,000 கட்ட வேண்டும். அதாவது காப்பீடு என்று ஒன்று இல்லாமலே போய்விட்டது. யாரும் தப்பு செய்யவில்லை. அவரவர் கணக்கு அவரவருக்குச் சரி. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

காப்பீட்டுத் துறையில் இதை மரணச் சுழல் என்பார்கள். கீழே வரும் ஐந்து வழிகளும் இந்தச் சுழலை நிறுத்த, அல்லது நிறுத்தாமல் விட, வெவ்வேறு நாடுகள் கொடுத்த விலைகள்.

## வழி 1: விருப்பமிருந்தால் எடு

இதில் மூன்று தேர்வுகளும் உங்கள் கையில். சுழலைத் தவிர்க்க நிறுவனங்களுக்கும் ஒரு சுதந்திரம் உண்டு: நோயாளியை மறுக்கலாம், அல்லது கூடுதல் விலை சொல்லலாம். அமெரிக்காவின் தனிநபர் காப்பீட்டுச் சந்தை 2014க்கு முன் பெரும்பாலான மாநிலங்களில் இப்படித்தான் இருந்தது. ஆரோக்கியமான இளைஞருக்கு மலிவு. சர்க்கரை நோயாளிக்குக் கதவு மூடல்.

நிறுவனத்தின் கையைக் கட்டிவிட்டு மக்களை மட்டும் சுதந்திரமாக விட்டால் என்ன ஆகும் என்பதை வாஷிங்டன் மாநிலம் பட்டறிந்தது. 1993இல் வந்த சட்டத்தில் இரண்டு பாதி: யார் வந்தாலும் மறுக்கக் கூடாது, எல்லாரும் காப்பீடு எடுக்க வேண்டும். 1995இல் இரண்டாம் பாதியை நீக்கிவிட்டு முதல் பாதியை வைத்துக்கொண்டார்கள். 1999 வாக்கில் அந்த மாநிலத்தின் பெரும்பாலான கவுண்டிகளில் புதிதாகத் தனிநபர் பாலிசி விற்க ஒரு நிறுவனமும் இல்லை. தேர்வைக் காப்பாற்றப் போய்த் தேர்ந்தெடுக்கவே ஒன்றும் மிஞ்சவில்லை.

ஒளிந்திருக்கும் செலவுக்கு வருவோம். காப்பீடு எடுக்காதவர் உண்மையில் காப்பீடு இல்லாதவர் அல்ல. அவசரச் சிகிச்சைப் பிரிவின் கதவு அவருக்குத் திறந்தே இருக்கிறது. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, மெடிகேர் (அங்கே முக்கியமாக முதியோருக்கான அரசுக் காப்பீடு) பணம் வாங்கும் மருத்துவமனையின் அவசரப் பிரிவு, வருபவரிடம் பணம் இருக்கிறதா என்று பாராமல் பரிசோதித்து உயிர் ஆபத்தை நிலைப்படுத்தியே ஆக வேண்டும். நல்ல சட்டம். வாசலில் ஆளைச் சாகவிடும் ஊரில் யார் வாழ விரும்புவார்கள்? ஆனால் அந்தச் சட்டம் வந்த நாளிலிருந்து, வெளியே நிற்பவருக்கு எல்லாரும் சேர்ந்து இலவசமாக ஒரு பாலிசி கொடுத்துவிட்டோம் என்று பொருள். காப்பீடில்லாதவர்களுக்கான ஈடுசெய்யப்படாத சிகிச்சைச் செலவு 2015-17 ஆண்டுகளில் சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 4,200 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். அதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கைப் பொதுப்பணம் பல தலைப்புகளில் ஈடுகட்டியது. பட்ஜெட்டில் 'தேர்வுரிமைச் செலவு' என்று ஒரு வரி இருக்காது. நூறு வரிகளில் சிதறிக் கிடக்கும்.

இந்த வழி எப்போது பொருந்தும்? பல் வெண்மையாக்குவது, தனி அறை போன்ற கூடுதல் வசதிகளுக்குத் தாராளமாகப் பொருந்தும். புற்றுநோய்க்குப் பொருந்தாது.

## வழி 2: கட்டாயமில்லை, ஆனால் எடுக்காவிட்டால் வலிக்கும்

ஆஸ்திரேலியாவில் 1984 முதல் மெடிகேர் என்ற பொதுக் காப்பீடு எல்லாருக்கும் உண்டு. அதன் மேல் தனியார் காப்பீடு விருப்பம். ஆனால் தனியாரிடமும் நோயைப் பார்த்து விலை வைக்கத் தடை. அதனால் 1990களில் ஆரோக்கியமானவர்கள் நழுவ, காப்பீடு உள்ளவர்களின் விகிதம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு இறங்கியது. அரசு மூன்று கருவிகளை எடுத்தது. வருமானம் கூடியவர் தனியார் காப்பீடு இல்லாமலிருந்தால் கூடுதல் வரி (இப்போது 1 முதல் 1.5 சதவீதம்). 1999இல் பிரீமியத்தில் 30 சதவீதம் அரசின் தள்ளுபடி. 2000 ஜூலையிலிருந்து, 30 வயதுக்குமேல் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டுக்கும் பிரீமியத்தில் 2 சதவீதம் ஏற்றம், உச்சம் 70 சதவீதம்.

பலித்தது. விகிதம் சில மாதங்களிலேயே 45 சதவீதத்தை ஒட்டி ஏறியது. விலை? தள்ளுபடிக்கு மட்டும் இன்று ஆண்டுக்கு 600 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். அந்தப் பணத்தை நேரே பொது மருத்துவமனைகளுக்குத் தந்திருந்தால் என்ன என்று அங்கே இன்றுவரை சண்டை. எனக்கு இன்னொன்று உறுத்துகிறது: பலர் காப்பீடு எடுப்பது சிகிச்சைக்காக அல்ல, வரியிலிருந்து தப்பிக்க. அதற்கென்றே ஒன்றும் பெரிதாகத் தராத மலிவு பாலிசிகள் விற்கின்றன. காப்பீடு வாங்கினோம் என்று காட்ட ஒரு காகிதம்.

அமெரிக்காவும் சுற்றி வளைத்து இங்கேதான் வந்து நிற்கிறது. 2010 சட்டம் 2014 முதல் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. எடுக்காவிட்டால் அபராதம், 2016இல் ஆளுக்கு 695 டாலர் அல்லது வருமானத்தில் 2.5 சதவீதம், எது அதிகமோ அது. 2012இல் உச்ச நீதிமன்றம் அது வரி என்ற அடிப்படையில் செல்லும் என்றது. 2017 வரிச் சட்டம் அபராதத்தை 2019 முதல் பூஜ்யமாக்கியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கட்டாயத்தை நீக்கினால் அரசுக்குச் செலவு கூடும் என்றுதானே எதிர்பார்ப்போம்? நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் 2017இல் போட்ட கணக்கு நேர்மாறு: பத்தாண்டுகளில் 33,800 கோடி டாலர் மிச்சமாகும் என்றது. ஏன்? காப்பீடு இல்லாதவர்கள் 1.3 கோடிப் பேர் கூடுவார்கள். காப்பீடு வாங்க அரசு அவர்களுக்குத் தர வேண்டிய மானியம் தேவைப்படாது. அந்த 'மிச்சம்' எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் அதன் நிறம் தெரியும்.

சந்தை நொறுங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நொறுங்கும் என்று அடித்துச் சொன்னவர்கள் தோற்றார்கள். காரணம் மானியம். வருமானத்தில் இத்தனை சதவீதத்துக்குமேல் நீ கட்ட வேண்டாம், மீதி அரசு தரும் என்பதால், பிரீமியம் ஏறினாலும் அடி வாடிக்கையாளர் மேல் விழாமல் கருவூலத்தின் மேல் விழுந்தது. 2021 முதல் 2025 வரை அந்த மானியத்தை இன்னும் பெருக்கினார்கள். அதை நிரந்தரமாக்கினால் பத்தாண்டில் சுமார் 35,000 கோடி டாலர் ஆகும் என்று அதே அலுவலகம் 2025இல் கணித்தது. முன்னே மிச்சம் என்று சொன்னதும் இதுவும் வேறு வேறு கணக்குகள். கூட்டிக் கழிக்கக் கூடாது. ஆனாலும் பிரம்பை எடுத்துவிட்டால் வெல்லத்தை அள்ளிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பது தெரிகிறது.

## வழி 3: எடுப்பது கட்டாயம், யாரிடம் என்பது உங்கள் விருப்பம்

சுவிட்சர்லாந்து (1996 முதல்), நெதர்லாந்து (2006 முதல்). முதல் தேர்வைப் பறித்து இரண்டாவதையும் மூன்றாவதையும் கொடுப்பது. அடிப்படைக் காப்பீட்டில் என்னென்ன அடங்கும் என்பதைச் சட்டமே சொல்லிவிடும். நிறுவனம் யாரையும் மறுக்கக் கூடாது. நோயாளிகள் அதிகம் சேர்ந்த நிறுவனத்துக்கு, ஆரோக்கியமானவர்கள் சேர்ந்த நிறுவனம் ஒரு பொது நிதி வழியாக ஈடு தர வேண்டும். சுவிஸ் நாட்டில் அடிப்படைக் காப்பீட்டில் லாபம் வைக்கவே தடை.

சூரிச்சில் இருக்கும் என் மைத்துனருக்கு ஒவ்வோர் அக்டோபரிலும் அடுத்த ஆண்டு பிரீமியக் கடிதம் வரும். நவம்பர் 30க்குள் மாறலாம். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அங்கே டிடக்டிபிள், அதாவது காப்பீடு கைகொடுக்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை, குறைந்தது 300 பிராங்க்; விரும்பினால் 2,500 வரை உயர்த்தலாம். உயர்த்தினால் பிரீமியம் குறையும். குறைப்புக்குச் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு: கூடுதலாக ஏற்கும் 2,200 பிராங்கில் 70 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 1,540. அந்த முழுக் குறைப்பும் கிடைத்தால், நோயே வராத ஆண்டில் 1,540 லாபம். படுத்துவிட்டால் 660 நஷ்டம். மருத்துவச் செலவு ஏறத்தாழ 2,000 பிராங்கைத் தாண்டுமா என்பதுதான் கேள்வி. அவர் ஓட்டப்பந்தயக்காரர், 2,500 போடுவார். அக்காவுக்குத் தைராய்டு, 300 போடுவார். நடுவில் உள்ள நான்கு தொகைகளை அவர் தொடுவதே இல்லை.

புத்திசாலித்தனம்தான். ஆனால் அதையே கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். ஆரோக்கியமானவர் பொதுச் சட்டியிலிருந்து 1,540 பிராங்கை எடுத்துக்கொண்டு போகிறார், நோயாளி முழுப் பிரீமியம் கட்டுகிறார். முன்வாசல் பூட்டியிருந்தாலும் ஜன்னல் வழியாகக் கொஞ்சம் பேர் வெளியேறுகிறார்கள். சட்டத்தின் உச்சவரம்பு அந்த ஜன்னலுக்குப் போட்ட கம்பி.

திட்டங்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எவ்வளவு வழுக்கும் என்பதற்கு ஹார்வர்டு பல்கலைக்கழகமே சாட்சி. 1995இல் ஊழியர்களிடம், எந்தத் திட்டமானாலும் நாங்கள் தருவது ஒரே தொகை, தாராளமான திட்டம் வேண்டுமென்றால் வித்தியாசத்தை நீங்கள் கட்டுங்கள் என்றார்கள். இளையவர்கள் மலிவான திட்டத்துக்கு ஓடினார்கள். தாராளமான திட்டத்தில் வயதானவர்களும் நோயாளிகளும் மிஞ்ச, அதன் விலை ஏற, இன்னும் பேர் ஓட, 1997இல் அந்தத் திட்டத்தையே மூடிவிட்டார்கள். மேலே போட்ட நூறு பேர் கணக்கு அப்படியே நடந்தது.

மாறும் உரிமையை மக்கள் பயன்படுத்துகிறார்களா? நெதர்லாந்தில் ஆண்டுக்குப் பத்தில் ஒருவர்கூட மாறுவதில்லை. அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனம் ஊழியர்களுக்கு 48 விதத் திட்டங்கள் கொடுத்ததை ஆராய்ந்தார்கள். எந்தச் சூழ்நிலையிலும் அதிகச் செலவே வைக்கும் திட்டங்களைப் பாதிக்கு மேற்பட்டோர் எடுத்திருந்தார்கள். எல்லார் வீட்டிலும் லேப்டாப் விரிக்கும் மைத்துனர் இருப்பதில்லை.

ஆனால் மூன்றாவது தேர்வில் கை வைத்தால் கதையே வேறு. 2012இல் சுவிஸ் மக்கள் முன் ஒரு சட்டம் வந்தது: குறிப்பிட்ட டாக்டர் குழுவுக்குள்ளேயே சிகிச்சை பெற்றால் செலவு குறைவு, வெளியே போனால் கூடுதல். ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு வாக்காளர்கள் வேண்டாம் என்றார்கள். 2014 டிசம்பரில் நெதர்லாந்து மேலவை, ஒப்பந்தமில்லாத டாக்டரிடம் போனால் நிறுவனம் பணம் தர வேண்டியதில்லை என்ற மசோதாவைத் தோற்கடித்தது. ஆளுங்கட்சி உறுப்பினர்கள் மூவரே எதிர்த்து வாக்களிக்க, அமைச்சரவையே ஆட்டம் கண்டது. விலையும் உண்டு: எந்த டாக்டரானாலும் பணம் தந்தே ஆக வேண்டும் என்றால், விலை பேச நிறுவனத்தின் கையில் பிடி இல்லை. சுவிஸ் பிரீமியம் ஏறுகிற ஏற்றத்துக்கு இதுவும் ஒரு காரணம். நான்கில் ஒருவருக்குமேல் பிரீமியம் கட்ட அரசு உதவி வாங்குகிறார்கள்.

## வழி 4: எல்லாருக்கும் ஒரே காப்பீடு

இங்கே தைவானையும் கனடாவையும் சேர்த்துப் பேசுவது வழக்கம். அது தப்பு என்பேன்.

தைவான் 1995 மார்ச் 1 அன்று தொடங்கியது. ஒரே காப்பீட்டாளர், அரசு. நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க இடமில்லை. ஆனால் டாக்டரைத் தேர்ந்தெடுக்க முழு இடம்: கடிதம், பரிந்துரை எதுவும் இல்லாமல் அட்டையை எடுத்துக்கொண்டு நேரே சிறப்பு மருத்துவரிடம் போகலாம், கொஞ்சம் கூடுதல் கட்டணத்தோடு. வரிசை பெரிதாக இல்லை. நிர்வாகச் செலவு மிகக் குறைவு. விளம்பரம் இல்லை, ஆளைத் தேர்ந்தெடுக்கும் வேலை இல்லை. ஒளிந்திருக்கும் விலை: மக்கள் அடிக்கடி டாக்டரிடம் போகிறார்கள், சிகிச்சைக்குத் தரும் மொத்தத் தொகைக்கோ வரம்பு கட்டியிருக்கிறது, ஆகவே டாக்டர் ஒரு நோயாளிக்குச் சில நிமிடங்கள்தான் தருகிறார். பிரீமியத்தை உயர்த்துவது ஒவ்வொரு முறையும் அரசியல் சண்டை.

கனடாவில் 1984 சட்டத்தின் கீழ் மாகாணங்கள் நடத்தும் பொதுக் காப்பீடு. பல மாகாணங்கள் அதே சேவைக்குத் தனியார் காப்பீட்டைத் தடுக்கின்றன. காத்திருப்புதான் அங்கே விலை. கியூபெக் மாகாணத்தில் இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்கு ஏறத்தாழ ஓராண்டு காத்திருந்த ஒருவரும் சாவுலி என்ற டாக்டரும் தொடுத்த வழக்கில், 2005 ஜூனில் உச்ச நீதிமன்றம் 4-3 என்ற கணக்கில், காத்திருக்கவும் வைத்துவிட்டுத் தனியார் காப்பீட்டையும் தடுப்பது கியூபெக்கின் உரிமைச் சாசனத்துக்கு முரண் என்றது. அதன்பின் சில அறுவைகளுக்குத் தனியார் காப்பீட்டை அனுமதித்தார்கள். பெரிய சந்தை எதுவும் உருவாகவில்லை. கதவைத் திறந்தபின் உள்ளே போக ஆளில்லை.

## வழி 5: பணமிருந்தால் விலகிக்கொள்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எனக்குப் பிடிக்காத வழி இது. ஜெர்மனியில் ஆண்டு ஊதியம் ஒரு வரம்பைத் தாண்டினால் (2025இல் 73,800 யூரோ) பொதுக் காப்பீட்டை விட்டுத் தனியாருக்குப் போகலாம். நாட்டில் பத்தில் ஒருவர் அப்படி இருக்கிறார்கள். பொதுவில் கட்டணம் வருமானத்துக்கு ஏற்ப என்பதால், அதிகம் கட்டக்கூடியவர்களே விலகுகிறார்கள். 55 வயதுக்குமேல் திரும்பி வருவது கிட்டத்தட்ட முடியாது. இளமையில் மலிவாகத் தெரிந்த பிரீமியம் முதுமையில் கழுத்தைப் பிடிக்கும். சிலி 1981இல் இதையே தடுப்பில்லாமல் செய்தது: ஊதியத்தில் கட்டாயமாகப் பிடிக்கும் பங்கை (பின்னாளில் 7 சதவீதம்) பொதுவுக்கோ தனியாருக்கோ கொடுக்கலாம். தனியார் வயதையும் பாலினத்தையும் பார்த்து விலை வைக்க, முதியவர்களும் ஏழைகளும் பொதுவில் சேர்ந்தார்கள். 2022இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூடுதலாக வசூலித்ததைத் திருப்பித் தரச் சொல்லும் அளவுக்குப் போனது.

## ஒரே பார்வையில்

| வழி | எடுக்காமல் இருக்கலாமா? | நிறுவனத் தேர்வு | டாக்டர் தேர்வு | ஒளிந்திருக்கும் விலை |
|---|---|---|---|---|
| 1. முழு விருப்பம் | ஆம் | ஆம், ஆரோக்கியமாக இருந்தால் | பாலிசியைப் பொறுத்து | அவசரப் பிரிவின் கட்டப்படாத பில்கள் |
| 2. சலுகையும் அபராதமும் | ஆம், வலியோடு | ஆம் | பாலிசியைப் பொறுத்து | மானியம், வெற்று பாலிசிகள் |
| 3. கட்டாயம் + போட்டி | இல்லை | ஆம் | பெரும்பாலும் ஆம் | ஈடுசெய் நிதி, ஏறும் பிரீமியம் |
| 4. ஒரே காப்பீடு | இல்லை | இல்லை | தைவானில் தாராளம் | நேரம்: வரிசை அல்லது அவசரமான சில நிமிடங்கள் |
| 5. விலகும் கதவு | இல்லை | வசதியுள்ளவருக்கு | தனியாரில் கூடுதல் | பொதுச் சட்டி வற்றுவது |

நிர்வாகச் செலவைத் தனியாகச் சொல்ல வேண்டும். சுவிஸ் அடிப்படைக் காப்பீட்டில் அது பிரீமியத்தில் ஏறத்தாழ 5 சதவீதம். அமெரிக்கச் சட்டம் தனிநபர் பாலிசியில் குறைந்தது 80 சதவீதமாவது சிகிச்சைக்குப் போக வேண்டும் என்கிறது. மீதி 20 வரை நிர்வாகத்துக்கும் லாபத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். போட்டி இருந்தாலே செலவு கூடும் என்பதில்லை, எந்த விதிக்குள் போட்டி என்பதுதான்.

## எங்கே எது?

ஏற்கெனவே பல காப்பீட்டு நிறுவனங்கள் வேரூன்றிய நாட்டில் அவற்றை ஒரே நாளில் மூடி ஒரே காப்பீடு கொண்டுவருவது நடக்கிற காரியமில்லை. சுவிஸ் வாக்காளர்கள் ஒரே பொதுக் காப்பீட்டை 2007இலும் 2014இலும் நிராகரித்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் மூன்றாவது வழியே பொருத்தம், ஈடுசெய் நிதி உறுதியாக இருக்கும் பட்சத்தில். அது இல்லாமல் கட்டாயத்தை மட்டும் கொண்டுவந்தால், ஆரோக்கியமானவர்களைப் பொறுக்குவதில்தான் நிறுவனங்களின் திறமையெல்லாம் போகும்.

காப்பீடு இல்லாதவர்கள் நிறைய இருந்து, தனியார் துறை இன்னும் பலப்படாத நாட்டுக்கு நான்காவது. தைவான் தொடங்கியபோது மக்களில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் பேருக்குக் காப்பீடே இல்லை. இழக்க ஒன்றுமில்லாதவர்கள் அதிகம் என்பதால் எதிர்ப்பு தாங்கக்கூடியதாக இருந்தது. அடிப்படைச் சிகிச்சையைப் பொதுத் துறை ஏற்கெனவே நன்றாகத் தரும் நாட்டில் இரண்டாவது வழி ஓடும், மானியச் செலவை மறைக்காமல் கணக்கில் காட்டினால்.

முதல் கடிதம் எழுதிய வாசகருக்கு: கட்டாயம் வேண்டாம் என்று நீங்கள் சொல்லலாம், ஆனால் அத்துடன் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விபத்தில் அடிபட்டு நினைவில்லாமல் கொண்டுவரப்படுகிறீர்கள். பாலிசி இல்லை. கதவை மூடச் சொல்வீர்களா? மூட வேண்டாம் என்றால், அந்தப் பில்லை ஏற்பவர்களுக்கு முன்கூட்டியே கொஞ்சம் கேட்க உரிமை இருக்கிறது.

இரண்டாம் வாசகருக்கு: நீங்கள் பயப்படும் வரிசை ஒரே காப்பீட்டோடு ஒட்டிப் பிறந்தது அல்ல, தைவான் அதைக் காட்டிவிட்டது. எனக்கு வாக்கு இருந்தால் டாக்டர் தேர்வைக் காக்கப் பொதுப்பணம் செலவிடுவதற்குக் கை தூக்குவேன். நிறுவனத் தேர்வுக்கு அரைமனதோடு. வெளியே நிற்கும் உரிமைக்கு மாட்டேன். மைத்துனர் இதை ஒப்புக்கொள்வதில்லை. "தைவான் டாக்டர் மூன்று நிமிஷத்தில் அனுப்பிவிடுவார், இங்கே என் டாக்டர் அரை மணி நேரம் பேசுவார்; அந்த அரை மணிக்குத்தான் பிரீமியம் கட்டுகிறேன்" என்கிறார். அதற்கு என்னிடம் இன்னும் நல்ல பதில் இல்லை.